படை பெயர்ந்த நிலம் யாருக்கு உரியது?

ஓர் அரசாங்கம் தன் படைகளுக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும்போது எவரிடமும் அதிகமாக விவாதிப்பதில்லை. ஓர் ஆணை பிறக்கிறது, வேலி எழுகிறது, வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ கிடந்த பூமி சொற்ப காலத்துக்குள் பாசறையாகிவிடுகிறது. அதே படை ஒருநாள் கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு புறப்படும்போதோ, அந்தப் பூமியை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு விடை காண முடியாமல், ஆணையிட்ட அரசாங்கங்களே ஆண்டுக்கணக்கில் தயங்கித் தடுமாறுகின்றன. 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்து, ஐரோப்பாவை இரு கூறாக்கி வைத்திருந்த பகைமை தணிந்த பிற்பாடு, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான ராணுவ முகாம்கள் காலியாயின. அவற்றுட் பல தனியாருக்கு விலைபோயின. பல புல் மண்டிக் கிடந்தன. ஒரு சில மாத்திரமே, அக்கம்பக்கத்து ஜனங்கள் தாமே கூடி அமைத்துக்கொண்ட சமுதாய ஸ்தாபனங்களின் பொறுப்புக்கு வந்து, வீடில்லாதவர்க்கு வீடாகவும் சிறுவருமானக்காரர்க்கு நிழலாகவும் மாறின. அந்த ஒரு சிலவற்றின் சரித்திரத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில், பொதுஜனங்களின் வரிப்பணத்தால் எடுக்கப்பட்டு, வரிப்பணத்தாலேயே கட்டடம் எழுப்பப்பட்டு, வரிப்பணத்தாலேயே பராமரிக்கப்பட்ட நிலம், படை பெயர்ந்த மறுநாளே ஏலம் கூறப்படும் சரக்காகிவிடக் கூடாது, அங்கே குடியேறும் மக்களின் கையில் விலைபேச முடியாத தர்மச் சொத்தாக நிலைபெற வேண்டும் என்பதற்கு அவை அத்தாட்சியாக நிற்கின்றன.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு எனப்படும் மலைப்பிரதேசத்தின் அடிவாரத்தில், பிரான்ஸ், ஸ்விட்ஸர்லாந்து ஆகிய இரு தேசங்களின் எல்லைகளுக்கும் சமீபமாக இருக்கும் ஃபிரைபுர்க், புராதனமான ஒரு சர்வகலாசாலை நகரம். அந்நகரின் தென்புறத்தில் 1936-க்கும் 1938-க்கும் இடையே ஹிட்லரின் அரசாங்கம் ஒரு பெரிய பாசறையைக் கட்டியது. யுத்தம் முடிந்து அந்தப் பிரதேசம் பிரெஞ்சுப் படையின் ஆளுகைக்கு உட்பட்டபோது பாசறையும் கைமாறியது. பதினான்காம் லூயி மன்னனுக்குக் கோட்டைகள் கட்டிக் கொடுத்தவரும், பதினேழாம் நூற்றாண்டில் ஃபிரைபுர்க் நகரைச் சுற்றியே அரண் எழுப்பியவருமான வோபான் என்ற கோட்டை நிபுணரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். இரு ஜெர்மனிகளும் ஒன்றான பின் அவர்களுக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று, 1992-இல் வெளியேறினார்கள். 38 ஹெக்டேர் நிலமும், சுமார் இருபது பாசறைக் கட்டடங்களும், சிப்பாய்களின் காலத்தில் தழைத்து வளர்ந்த பெருமரங்களும் சொந்தக்காரரின்றி நின்றன.

நகரசபை அந்நிலத்தில் 34 ஹெக்டேரை மத்திய அரசாங்கத்திடமிருந்து 4 கோடி மார்க் கொடுத்து வாங்கிக்கொண்டது. எஞ்சிய 4 ஹெக்டேரில் இருந்த பத்துக் கட்டடங்களில் ஆறு, மாணவர் விடுதிகளாயின. மீதி நான்கு கட்டடங்களின் கதைதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1990-ஆம் ஆண்டிலேயே, அதாவது படை புறப்படுவதற்கு முன்பே, வீட்டு வாடகையின் கொடுமையால் அலைக்கழிக்கப்பட்ட மாணவர்களும், வேலையற்றவர்களும், தனித்திருந்து குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களும் சேர்ந்து, சூசி என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் ஒரு குடியிருப்புச் சங்கத்தை அமைத்துக்கொண்டு, இடிப்பதற்கென்று குறிக்கப்படும் கட்டடங்களை எங்களிடம் கொடுங்கள், நாங்களே செப்பனிட்டுக் குடியிருக்கிறோம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வேண்டுகோளும் ஆர்ப்பாட்டமும், சில வேளைகளில் காலி மனைகளுக்குள் புகுந்து குடியேறுதலும், முடிவில் நீண்ட பேச்சுவார்த்தையும் நடந்தன. நான்கு கட்டடங்கள் அவர்கள் வசம் வந்தன.

பாசறைக் கட்டடம் என்பது வீடல்ல என்பதை அங்கே கால் வைத்தவுடனே அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். நீண்ட நடையொன்று கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும். இருமருங்கும் ஒரே அளவான அறைகள் அணிவகுத்து நிற்கும். குளியலறையும் கழிப்பறையும் பொதுவானவை. சமையலறை கிடையாது, ஏனெனில் சிப்பாய்க்குச் சாப்பாடு வேறோர் இடத்தில். குடும்பம் என்ற ஒன்று அக்கட்டடங்களை வரைந்தவர்களின் எண்ணத்திலேயே இல்லை. அத்தகைய இடத்தைத் தாயும் குழந்தையும் வாழத் தகுந்ததாக்குவது, புதிதாகக் கட்டுவதைக் காட்டிலும் ஒரு வகையில் சிரமமான காரியம். சூசிச் சங்கத்தார் அந்தச் சிரமத்தைத் தாமே ஏற்றார்கள். சுவர்களைத் திறந்து, அறைகளை இணைத்து, சில பேர் சேர்ந்து வாழும் கூட்டு மனைகளாக அவற்றைப் பிரித்தார்கள். மரத்தையும் களிமண் பூச்சையும் முடிந்தவரை பயன்படுத்தினார்கள். குடியேறும் ஒவ்வொருவரும் குறித்த அளவு மணி நேரம் கட்டட வேலையில் உடலுழைப்புத் தர வேண்டுமென்று விதித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 260 பேர் அந்த நான்கு கட்டடங்களில் இன்றும், நகரத்தின் மற்றப் பகுதிகளில் நினைத்துப் பார்க்கவும் இயலாத குறைந்த வாடகையில் வாழ்கிறார்கள். உழைப்பைப் பங்காகக் கேட்ட இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பணமில்லாதவனைத் தானம் பெறுகிறவனாக நிறுத்தாமல், கர்த்தாக்களில் ஒருவனாக அது உயர்த்திவிடுகிறது அல்லவா?

நகரசபை வாங்கிய 34 ஹெக்டேரில் நடந்தது உலகம் நன்கறிந்த விஷயம். 1994-இல் பிரஜைகள் சிலர் வோபான் மன்றம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1995-இல் நகரசபை, அந்தப் பிரதேசத்தின் அபிவிருத்தித் திட்டத்தில் பொதுஜனங்கள் பங்கு கொள்வதற்கான அதிகாரபூர்வமான ஸ்தாபனமாக அதனை அங்கீகரித்தது. திட்டம் அச்சாகிக் கையெழுத்தும் ஆன பின் ஆட்சேபணை கேட்பதாகச் சொல்லும் வழக்கமான சடங்கு அங்கே நடக்கவில்லை; வரைபடம் வெள்ளைக் காகிதமாக இருந்த காலத்திலேயே, குடியேற விரும்பியவர்கள் நகரசபை அங்கத்தினர்களோடும் பொறியியல் வல்லுநர்களோடும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தார்கள். பெரிய கட்டட வியாபாரிகளுக்கு மொத்தமாகக் கொடுக்காமல், நிலத்தைச் சிறு சிறு மனைகளாக வகுத்து, பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடித் தமக்குத் தாமே கட்டிக்கொள்ளும் குழுக்களுக்கு அளிப்பதற்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. வீட்டைச் சூடாக்கச் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 65 கிலோவாட் மணிக்கு மேல் சக்தி செலவாகக் கூடாதென்று விதித்தார்கள். பழைய மரங்களை வெட்டாமல் காத்தார்கள். மோட்டார் வண்டிகளை எல்லையோரக் கட்டடங்களில் நிறுத்தச் செய்து, வீட்டு வாசல்களைக் குழந்தைகளுக்கு விட்டார்கள். 2006-இல் டிராம் வண்டி அங்கே வந்து சேர்ந்தது. இடித்துவிட உத்தேசித்திருந்த பழைய அதிகாரிகள் மன்றக் கட்டடத்தை ஜனங்கள் போராடிக் காத்து, அந்தப் பேட்டையின் பொது மண்டபமாக்கிக்கொண்டார்கள். அதன் முன்னுள்ள சதுக்கத்தில் வாரச் சந்தை கூடுகிறது. சுமார் 5,500 பேர் வாழும் இப்பேட்டையைப் பார்த்துப்போக உலகின் பல பாகங்களிலிருந்தும் நகர நிர்மாண நிபுணர்கள் வருகிறார்கள்.

இவ்வளவும் புகழ்ச்சிக்குரியவையே. ஆயினும், புகழோடு கட்டுரையை முடித்துவிட்டால் சத்தியத்தின் பாதியை மறைத்தவனாவேன்.

வோபான் மன்றம் நீடித்து வாழவில்லை. ஐரோப்பிய யூனியன் அளித்த மானியத்தின் கணக்கு சம்பந்தமான நெருக்கடியில் 2004-இல் அது நொடித்துப்போயிற்று. அதன் ஸ்தானத்தில் பேட்டைச் சங்கம் ஒன்று அமைந்து பணிகளைத் தொடர்ந்தது. இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. குழுக்களாகக் கூடிக் கட்டிய வீடுகளிற் பெரும்பாலானவை, கட்டி முடிந்ததும், சட்டப்படி தனித்தனி உடைமையாளரின் சொத்துக்களாயின. டிராமும் மரநிழலும் நல்ல பள்ளிக்கூடமும் அமைந்த அந்தப் பேட்டையில் வீடு வாங்கப் பலரும் போட்டியிட்டார்கள். போட்டி விலையை ஏற்றியது. ஃபிரைபுர்க் இன்று ஜெர்மனியிலேயே வருமானத்துக்கு மிஞ்சிய வாடகை வாங்கும் நகரங்களில் ஒன்றாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வீடுகளும், மாணவர் விடுதிகளும், சூசியின் நான்கு கட்டடங்களும் தவிர, சாதாரண வருமானமுள்ளவன் அங்கே புதிதாகக் குடியேறுவது கஷ்டசாத்தியம். ஒரே வேலிக்குள், ஒரே ஆண்டுகளில், ஒரே நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட வீடுகளில், சில ஏன் எளியவர் கைக்கு எட்டாமற் போயின, சில ஏன் எட்டும்படியாகவே நிற்கின்றன? கட்டடத்தின் தரத்தில் அதற்கு விடையில்லை. உடைமைச் சாசனத்தில்தான் இருக்கிறது.

சூசி சேர்ந்திருக்கும் வாடகை வீடுகளின் கூட்டமைப்பு, ஃபிரைபுர்க்கிலேயே தோன்றி இப்போது ஜெர்மனி முழுவதும் பரவியிருப்பது. அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாக விளக்க விரும்புகிறேன். ஏனெனில், தர்ம சிந்தனையைச் சட்டத்தின் மொழியில் இவ்வளவு கச்சிதமாக எழுதிவைத்த வேறோர் ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனிக் கம்பெனி பதிவு செய்யப்படுகிறது. சட்டம் கோரும் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. அதில் 12,600 யூரோ அவ்வீட்டில் குடியிருப்போர் சங்கத்தின் பங்கு. 12,400 யூரோ கூட்டமைப்பின் பங்கு. எந்த அறையை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு வாடகை வைப்பது, எந்தச் சுவரை இடிப்பது, எந்தக் கூரையைப் புதுப்பிப்பது முதலான சகல காரியங்களையும் குடியிருப்போரே தீர்மானிக்கிறார்கள்; கூட்டமைப்பு குறுக்கிடுவதில்லை. ஆனால் வீட்டை விற்பதென்றோ, தனித்தனி உடைமையாகப் பிரிப்பதென்றோ, சாசனத்தை மாற்றுவதென்றோ வரும்போது மாத்திரம் கூட்டமைப்பின் சம்மதம் இன்றியமையாதது. அந்தச் சம்மதத்தைக் கொடுக்காமலிருப்பதற்காகவே அது இருக்கிறது. நல்ல மனிதர்கள் கூடி நல்ல வீடுகளைக் கட்டலாம். முப்பது ஆண்டுகள் கழித்து, கடனெல்லாம் அடைந்து, நிலத்தின் விலை பன்மடங்காகி, தொடக்க காலத்துச் சிரமத்தை அறியாத புதிய தலைமுறை குடியிருக்கும்போது, விற்றுப் பங்கிட்டுக்கொள்ளும் ஆசை எழாதென்று யார் உறுதி கூற முடியும்? மனிதரின் நற்குணத்தை நம்பி விட்டுவிடாமல், அந்த ஆசைக்கு முன்கூட்டியே ஒரு தாழ்ப்பாள் போட்டு, சாவியை வேறோர் இடத்தில் வைத்ததுதான் இவ்வமைப்பின் ஞானம். பழைய வீடுகள், புதிதாகத் தொடங்கும் வீடுகளுக்கு உதவியாக ஒரு தொகையை மாதந்தோறும் செலுத்துகின்றன. வங்கிக் கடனோடு, நண்பர்களும் அனுதாபிகளும் நேரடியாகக் கொடுக்கும் சிறுகடன்களும் சேர்ந்து மூலதனமாகின்றன.

நில உரிமையும் நிதியும் உறுதியாக இல்லாவிட்டால் நேர்வது என்ன என்பதை அறிய, அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லலாம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கீழ்க்கரையில் உள்ள அலமீடா தீவில் 1940-இல் நிறுவப்பட்ட கடற்படை விமானத் தளம் 1997-இல் மூடப்பட்டது.  மத்திய அரசாங்கத்துக்கு வேண்டாத கட்டடங்களை வீடற்றவர்களின் உபயோகத்துக்கு முதலில் பரிசீலிக்க வேண்டுமென்று 1987-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மூடப்படும் ராணுவத் தளங்களில் அந்தக் கடமையை உள்ளூர்த் திட்டத்தோடு பொருத்தி நிறைவேற்றும் முறையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தின் பலனாக, தர்ம ஸ்தாபனங்கள் சேர்ந்து 1999-இல் அலமீடா பாயின்ட் கொலாபரேட்டிவ் என்ற அமைப்பை உருவாக்கின. சுமார் 34 ஏக்கரில், கடற்படைக் குடும்பங்கள் முன்பு வாழ்ந்த 200 வீடுகளில், தெருவில் நின்ற குடும்பங்கள் குடியேறின. ஏறத்தாழ 500 பேர், அவர்களிற் பாதிக்கு மேல் குழந்தைகள். குடியிருப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் ஒரு நாற்றங்காலும், காய்கறித் தோட்டமும் அங்கே அமைந்தன.

மனிதாபிமானத்தில் இதற்கு ஈடு சொல்வது அரிது. ஆனால் அந்த வீடுகளின் அடியில் ஓடும் குழாய்களும் கம்பிகளும் கடற்படை போட்டவை. அவற்றை மாற்றுவதற்குரிய பணம் அந்த ஸ்தாபனத்திடம் இல்லை. தளத்தின் நிலமோ ரசாயனக் கழிவுகளால் கெட்டுப்போனதென்று 1999-இல் மத்திய அரசாங்கத்தின் துப்புரவுப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. போதாக்குறைக்கு, இரண்டு குடும்பங்களுக்கு மேற்பட்டவை வாழும் கட்டடங்களை எழுப்பக் கூடாதென்று அந்நகர மக்கள் 1973-இலேயே வாக்களித்து விதி செய்திருந்தார்கள். தளத்தை முழுதுமாகப் புதுப்பிக்கும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கலைந்தன. கடற்படை தன் நிலத்தின் பெரும்பகுதியை நகரத்துக்கு மாற்றிக் கொடுத்ததே 2013-இல்தான். அத்தனை ஆண்டுகளும் அந்த ஏழைக் குடும்பங்கள் ஒழுகும் கூரைக்கும் துருப்பிடித்த குழாய்க்கும் இடையே காத்திருந்தன. இப்போது பழைய வீடுகளை அகற்றிப் புதியவற்றைக் கட்டும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. கொடுப்பவர் பழுதடைந்த கட்டடத்தை மாத்திரம் கொடுத்து, அதைச் செப்பனிடும் நிதியையும் நிலத்தின் மீதான உறுதியான உரிமையையும் கொடாவிட்டால், அந்தத் தானம் பாதித் தானமே என்று நான் கருதுகிறேன். ஜெர்மானிய இளைஞர்களுக்கு உடல்வலிமையும் ஒழிந்த நேரமும் இருந்தன. தெருவிலிருந்து வந்த தாயிடம் அவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

நிலத்தைச் சமுதாயத்தின் பெயரில் தர்மமாக வைப்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மவர் எண்ணிவிட வேண்டாம். 1951 ஏப்ரல் 18-ஆம் தேதி, தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், ஹரிஜனங்களுக்காக வினோபா நிலம் கேட்டதும், கேட்ட நிலம் கிடைத்ததும் பூமிதான இயக்கத்தின் பிறப்பாயின; அது வளர்ந்து, கிராமத்தின் நிலம் முழுவதையும் கிராமத்தாரின் பொதுவுடைமையாக்கும் கிராமதானமாயிற்று. தமிழ்நாட்டின் கிராமங்களிலும் வினோபா காலால் நடந்து நிலம் கேட்டார். அந்தக் கருத்து ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கரைக் கவர்ந்தது. அவரும், கறுப்பின மக்களின் உரிமைப் போரில் ஈடுபட்டிருந்த ஸ்லேட்டர் கிங் முதலியோரும் சேர்ந்து, 1969-இல் ஜார்ஜியா மாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கரில் முதலாவது சமுதாய நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கடன் சுமையால் 1985-இல் அந்த நிலம் பறிபோயிற்று என்பது துக்ககரமான செய்தி. எனினும் வித்து அழியவில்லை. 1984-இல் வெர்மான்ட் மாகாணத்தின் பர்லிங்டன் நகரம் தானே முதலீடு செய்து அத்தகைய அறக்கட்டளையொன்றை நிறுவியது, இன்று அதன் வாரிசான ஸ்தாபனம் ஆயிரக்கணக்கான வீடுகளைக் காத்து வருகிறது.

பொது நிலத்தை அதிக விலைக்கு விற்று, அந்தப் பணத்தால் பொக்கிஷத்தை நிரப்புவதுதான் பொறுப்புள்ள நிர்வாகம் என்று வாதிப்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. 2006-இல் ஜெர்மனியில் இரு நகரங்கள் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தன. டிரெஸ்டன் நகரம் தனக்குச் சொந்தமான சுமார் 48,000 வீடுகளையும் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனியொன்றுக்கு விற்று, தன் கடனையெல்லாம் ஒரே நாளில் தீர்த்தது. அதே ஆண்டு ஃபிரைபுர்க்கின் நிர்வாகமும் நகரத்தின் வீடுகளை விற்க முற்பட்டது. நவம்பர் மாதம் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நூற்றுக்கு எழுபது பேர் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். கடன் ஒருமுறை தீரும். வீட்டின் தேவையோ தலைமுறைதோறும் பிறக்கும். விற்றுவிட்ட நகரம், தன் ஏழைகளுக்கு வீடு வேண்டியபோது, பிறகு சந்தை விலைக்கு நிலம் வாங்க வேண்டியதாகிறது.

நம் தேசத்திலும் இக்கேள்வி வாசலுக்கு வந்துவிட்டது. கன்டோன்மென்டுகள் எனப்படும் ராணுவக் குடியிருப்புகளில் ஜனங்கள் வசிக்கும் பகுதிகளைப் பிரித்துப் பக்கத்து உள்ளாட்சிகளோடு இணைப்பதென்று மத்திய அரசாங்கம் முடிவு செய்து, 2023-இல் இமாசலப் பிரதேசத்தின் யோல் கன்டோன்மென்டைக் கலைத்தது. தமிழ்நாட்டில் பரங்கிமலை–பல்லாவரம், நீலகிரியின் வெல்லிங்டன் ஆகிய இரண்டு கன்டோன்மென்டுகள் இருக்கின்றன. தலைமுறைகளாக அத்தகைய இடங்களில் வாழ்ந்தும், ஒரு சுவரை எழுப்பவும் கூரையை மாற்றவும் அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் பல. எல்லைக்கோடு மாறும் நாளில், குடியிருப்போர் சங்கங்களைச் சட்டபூர்வமான அறக்கட்டளைகளாகப் பதிவு செய்து, திட்டம் வரையும் மேஜையில் அவர்களுக்கு ஆசனம் அளித்து, விடுபடும் பொது நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாகாது என்ற நிபந்தனையோடும் வீடுகளைச் செப்பனிடுவதற்குரிய நிதியோடும் அவர்கள் பெயரில் எழுதிவைக்க வேண்டும் என்று மாநில அரசாங்கத்தையும் உள்ளாட்சிகளையும் வேண்டிக்கொள்கிறேன். அப்பகுதிகளில் வசிக்கும் வாசகர்கள், வரைபடம் இன்னும் வெள்ளைக் காகிதமாக இருக்கும்போதே சங்கம் கூடித் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும்.